எல்லோரும் கையைப் பார்த்தார்கள்

என் அண்ணன் கண்ணுச்சாமியைப் போல ஸ்டியரிங் பிடிக்க ராஜபாளையத்தில் ஆள் கிடையாது என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? என் அண்ணன் கண்ணுச்சாமிதான். வருடக்கணக்காக விடாமல் சொன்னதில் ஊரும் நம்பிவிட்டது. ராணுவத்தில் லாரி ஓட்டியவன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் பனி என்று அவன் ஓட்டிய ரோட்டின் கதையைக் கேட்காத டீக்கடை எங்கள் பக்கத்தில் இல்லை. பென்ஷனோடு ஊருக்கு வந்து ஒரு டிராவலர் வேன் வாங்கினான். காலையில் வாத்தியார்களை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணன்கோவில் காலேஜுக்குப் போவான், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்குவான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, மை பூசிய மீசை. மற்ற டிரைவர்கள் எல்லாரும் அவனுக்கு மாடு மேய்க்கப் போயிருக்க வேண்டியவர்கள். வேனின் ஸ்டியரிங்கைத் துடைக்கக்கூட வேறு ஒருவரை விடமாட்டான்.

அண்ணனைப் போய் அவன் இவன் என்கிறாளே என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். நான் நாச்சியார், அவனுக்கு நேர் இளையவள், அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறேன். முப்பது வருடம் நூல் மில்லில் வேலை பார்த்தேன். அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பழகியதால் எனக்கு மெதுவாகப் பேச வராது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் இன்னொன்றைப் பேசவும் வராது. அதனால் குடும்பத்தில் நல்ல காரியம் என்றால் என்னைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுடைய வலது கை ஆட ஆரம்பித்தது. சும்மா மடியில் கிடக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி உருட்டுவது போல உரசிக்கொண்டே இருக்கும். சட்டைப் பொத்தான் போட நேரமாயிற்று. நடந்தால் ஒரு கை வீசும், இன்னொன்று தொங்கும். சிரித்தாலும் கோபப்பட்டாலும் முகத்தில் ஒன்றும் தெரியாமல், ரேஷன் கார்டு போட்டோவில் இருக்கிற மாதிரி ஆகிவிட்டான். உடனே எங்கள் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தி ரத்தம் சுண்டிப்போச்சு என்றாள். இன்னொருத்தன் ராணுவத்தில் குடித்த ரம் இப்போது வேலையைக் காட்டுகிறது என்றான். மூன்றாவது ஆள் செண்பகத்தோப்புப் பக்கம் யாரிடமோ கூட்டிப்போய் ஒரு எண்ணெய் வாங்கிக் கொடுத்தான். அதைத் தேய்த்ததில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். எங்கள் சாதி சனத்தில் வைத்தியம் சொல்லத் தெரியாத ஆளே கிடையாது, டாக்டரிடம் போ என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கடைசியில் நான்தான் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நரம்பு டாக்டர் அவனை நடக்கவிட்டுப் பார்த்தார், விரலைத் தட்டச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார். பார்கின்சன் என்றார். நம் ஆட்கள் நடுக்குவாதம் என்பது இதைத்தான். கூடிக்கொண்டேதான் போகும், மாத்திரையால் சமாளிக்கலாம், துடைத்து எடுக்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு என்ன வேலை என்று கேட்டார். "டிரைவர்" என்று இவன் நெஞ்சை நிமிர்த்தினான். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாத்திரை வேலை செய்யிற நேரம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அது எப்ப இறங்கும்னு உங்களுக்கே தெரியாது. கை நடுங்குறது பெரிசில்ல, ஸ்டியரிங்கைப் பிடிச்சா அது அடங்கிடும். ஆபத்துன்னு தெரிஞ்சதும் கால் பிரேக்குக்குப் போகணும் பாருங்க, அதுதான் வராது. வேனை விட்டுடுங்க."

அண்ணன் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "இந்தாளு மலை ரோட்டுல சைக்கிளாச்சும் ஓட்டியிருப்பானா?"

அவ்வளவுதான். மறுநாள் காலையில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி வெங்கடேஸ்வரியாவது தடுப்பாள் என்று போனேன். மதினி என்னை அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"நாச்சியாரு, உன் வாய கொஞ்சம் மூடுதியா? இவிய வேன நிறுத்துனா ஏன் நிறுத்துனிய, என்ன சீக்குன்னு தெருவே கேக்கும். நரம்பு வியாதிக்கார வீடுன்னு பேர் விழுந்துட்டா நம்ம பானுவ எவன் கட்டுவான்?"

"அதுக்காக வேன்ல போறவன் சாகணுமா?"

"ஒண்ணும் ஆகாது. மாத்திரை போட்டுட்டுத்தான போறாவ."

பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைகிற வரைக்கும் ஊருக்கு முன்னால் அவன் வேன் ஓட்டியாக வேண்டும். அதுதான் அந்த வீட்டின் சட்டம். வேனில் போன வாத்தியார்களாவது கேட்டார்களா என்றால், அவர்கள் படித்தவர்கள். கை ஆடுவதைப் பார்த்திருக்கிறார்கள், பிரேக் பிடிக்கும்போது வண்டி குலுங்குவதையும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாசலில் வந்து ஏற்றுகிற வேன் போய்விட்டால் பஸ்ஸில் நிற்க வேண்டுமே! அவர்கள் செய்ததெல்லாம் ஒன்றுதான். முன் சீட்டில் உட்காருவதை நிறுத்திவிட்டு எல்லாரும் பின்னால் போய் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

பானுப்பிரியா என் அண்ணனின் ஒரே மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன ஆவணியில் அவளுக்கு கான்சாபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாரிச்சாமி என்பவரின் மகன், ராணுவத்தில் இருக்கிறான். தோட்டம், தென்னை, கிணறு எல்லாம் உண்டு. பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மாரிச்சாமி போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். "பொண்ணோட அப்பாவுக்குக் கை ஆடுதுன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சே?"

வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மதினி தன் தம்பி வேல்பாண்டியை வரவழைத்தாள். அவன் போலீஸில் ஏட்டு. யோசனை சொல்லச் சொன்னால் போதும், முழங்கையை மடக்கி சோபாவில் சாய்ந்துகொள்வான்.

"அவிய ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாராகல்ல? பஸ்லயே வரச் சொல்லுங்க. பாத்து முடிச்சதும் அம்புட்டு பேரையும் நம்ம வேன்ல ஏத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவோம். அப்படியே கான்சாபுரத்துல கொண்டு விட்டுட்டு வருவோம். அத்தானே ஓட்டட்டும். ஸ்டியரிங்ல கை ஆடாம இருக்குறத அவிய கண்ணால பாத்துட்டா, பொறவு எவன் என்ன சொன்னா என்ன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏலே, நீ போலீஸ்காரன்தான? ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொன்ன ஆள வச்சு வண்டி நெறைய ஆள ஏத்திட்டுப் போறதுக்கு நீயே வழி சொல்லுத! ஒரு ஆக்டிங் டிரைவர வச்சா என்ன?"

"மதினி, நல்ல காரியத்துல அபசகுனமா பேசாதிய" என்றான் வேல்பாண்டி என்னிடம்.

ஆக்டிங் டிரைவர் என்றதும் அண்ணனுக்குச் சுருக்கென்றது. "என் வண்டிய எவனோ வந்து ஓட்டுததா? எம் பிள்ளைக்காக நான் ஓட்டுதேன்" என்றான். பிள்ளைக்காகவாம்! ஓட்டாமல் இருந்தால் அவன் வெறும் கண்ணுச்சாமி ஆகிவிடுவான், அந்தப் பயம்தான். பிள்ளை அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்காகன்னு சொல்லாதீங்கப்பா" என்றாள் பானு. "நான் ஒரு வீட்டுக்கு வாழப் போறதுக்கு ரோட்டுல போற யாரும் சாக வேண்டாம்."

"நீ சின்னப் பிள்ள, சும்மா இரு" என்றான். இருபத்தாறு வயதுப் பெண்ணை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைத் தவிர எல்லாரும் பெண் பார்க்க வந்தார்கள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். மாரிச்சாமி, அவருடைய அக்கா இருளம்மாள், பிறகு பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கூட்டம். வேல்பாண்டியின் திட்டப்படி அண்ணன் மூன்று மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டான். நான்கு மணிக்குக் கோயில் நடை திறக்கும், அப்போது கிளம்பினால் மாத்திரை உச்சத்தில் இருக்கும், ஓட்டி முடித்துவிடலாம் என்பது கணக்கு. உண்மையாகவே நான்கு மணிக்கு அவன் ராஜா மாதிரி இருந்தான். தட்டை நீட்டினான், கை ஆடவில்லை. காபியைச் சிந்தாமல் கொடுத்தான். மாரிச்சாமியின் கண் அந்தக் கையிலேயே இருந்தது. வேல்பாண்டி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

ஆனால் எங்கள் ஆட்கள் எந்தக் காலத்தில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள்? இருளம்மாள் மாடியைப் பார்க்க வேண்டும் என்றாள். மாடியிலிருந்து இறங்கியதும் மாமரத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். இன்னொரு தடவை காபி. பிறகு பூவைப் பங்கு போட்டு ஒவ்வொருத்தி தலையிலும் வைத்தார்கள். ஒருவழியாக எல்லாரும் வேனுக்கு வந்து, இருளம்மாள் ஒரு காலைப் படியில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"மணி என்னாச்சு? நாலரை தாண்டிருச்சா? ஞாயித்துக்கிழமை நாலரை ஆறு ராகு காலம்லா! மொத மொத சேந்து போற பயணம். செத்த நேரம் கழிச்சுப் போவோம்."

படியில் வைத்த காலை எடுத்துவிட்டாள். மொத்தக் கூட்டமும் திரும்ப வீட்டுக்குள் வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தது. மதினியும் வேல்பாண்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராகு காலத்தில் கிளம்பலாம் என்று பெண் வீட்டார் சொல்ல முடியுமா? மாத்திரை இறங்கிவிடும் என்று சொல்ல முடியுமா? அடுத்த மாத்திரையைக் கொடுக்கலாம் என்றால் அது உள்ளறை பீரோவில் இருக்கிறது. உள்ளறையில் பானுவைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து சேலையைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

"நான் போய் எடுத்துட்டு வாரேன்" என்றேன். வேல்பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். "காரியத்தையே கெடுத்துராதிய மதினி. அத்தான் சமாளிச்சுருவாக."

ஐந்தரைக்கெல்லாம் அண்ணன் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். வீரன்! எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராகு காலம் முடிந்ததும் கிளம்பினோம். நான் யாரையும் கேட்காமல் முன் சீட்டில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "பொம்பள முன்னால உக்காரணுமா?" என்று இருளம்மாள் முனகினாள். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஹேண்ட் பிரேக் இருந்தது. என் இடது கை கம்பியைப் பிடித்திருந்தது, வலது கையை ஹேண்ட் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எத்தனை தூரம், பக்கம்தானே. அந்தப் பக்கத்து ஊருக்குப் போகிற வரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்லை. பின்னால் மாரிச்சாமி ஓட்டுபவன் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். டாக்டர் சொன்னபடியே ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை அடங்கிவிட்டது. இரும்பைப் போலப் பிடித்திருந்தான். "அத்தான் கை எம்புட்டு ஸ்டெடியா இருக்கு பாத்தியளா?" என்றான் வேல்பாண்டி சத்தமாக. மாரிச்சாமி திருப்தியாகத் தலையை ஆட்டினார். எல்லாரும் கையைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்தேன். அது ஆக்சிலேட்டரின்மேல் மரக்கட்டையாகக் கிடந்தது. கியர் மாற்றவேண்டிய இடத்தில் மாற்றாமல் என்ஜின் திணறியது. அவன் நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணாடிக்குள் இறங்கியது, துடைக்கக் கை எடுக்கவில்லை.

ஊருக்குள் நுழைந்து கோயில் தெருவுக்குத் திரும்பினோம். நல்லவேளை, கூட்டத்தால் வேகம் இல்லை. ஒரு பால்கோவா கடையிலிருந்து ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு ரோட்டைக் கடக்க இறங்கினாள். வேன் நிற்கும் என்று நினைத்து எங்களைப் பார்க்காமலே நடந்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"அண்ணே, பிரேக்கு!"

அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் கண் அவள்மேல்தான் இருந்தது. தொடை துடித்தது, பாதம் எழும்பவில்லை. நான் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இழுத்த இழுப்பில் முதுகில் எங்கோ பிடித்துக்கொண்டது. வேன் குலுங்கி, இருமி, அணைந்தது. பின்னால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்தப் பெண்ணின் சேலை பம்பரில் உரசிக்கொண்டிருந்தது. பிள்ளை கையை நீட்டி முன் விளக்கைத் தொட்டுப் பார்த்தது.

அவள் வேனின் மூக்கில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். "கண்ணு அவிஞ்சா போச்சு? குடிச்சிட்டு ஓட்டுதியா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு எங்கள் வண்டியைச் சுற்றி நடந்த பேச்சிலேயே அது ஒன்றுதான் சரியான பேச்சு.

ஏனென்றால் பின்னாலிருந்து மாரிச்சாமி என்ன சொன்னார் தெரியுமா? "அடேயப்பா! எம்புட்டு சுதாரிப்பு! வேற எவனா இருந்தாலும் அடிச்சுப் போட்டிருப்பான்."

"மிலிட்டரி பிரேக்குல்லா!" என்றான் வேல்பாண்டி.

"ஆண்டாளே கூட இருந்து காப்பாத்திட்டா. ராகு காலத்துல கெளம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றாள் இருளம்மாள்.

ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதுகு வலியில் மூச்சுதான் வந்தது. என் அண்ணன் முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான், கை ஆட ஆரம்பித்தது. யாரும் இப்போது அதைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டார்கள்.

கோயிலுக்குள் மாரிச்சாமி அந்தக் கதையை மூன்று பேரிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வேனின் வேகம் கூடியது. சன்னதியில் கண்ணீர் விட்டுக் கும்பிட்டார். வெளியே பிரகாரத்தில் அண்ணன் தோளைத் தட்டி, "சம்பந்தி, ஊர்ப்பேச்ச நம்பி உங்களச் சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. அடுத்த வளர்பிறையில நிச்சயத்த வச்சுருவோம்" என்றார். மதினி கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எண்ணியது எண்ணியபடி முடிந்துவிட்டது. என் அண்ணன் சின்னச் சின்ன அடியாக, தரையோடு காலை இழுத்து நடந்துவந்தான். பானு அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் வெளியே வரும்போது இருட்டிவிட்டது. எல்லாரும் பிரசாதத்தோடு வேனில் ஏறினார்கள். இருளம்மாள் ஜன்னல் சீட்டுக்குப் போட்டி போட்டாள். வேல்பாண்டி முன் சீட்டில் ஏறிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "அத்தான், வாங்க, விடுங்க வண்டிய" என்றான்.

அண்ணன் ஏறவில்லை. வேனின் நடுக்கதவுக்கு முன்னால் வந்து நின்றான். ஓட்டுகிற பக்கம் போகாமல் இங்கே ஏன் நிற்கிறான் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவன் வலது கையைத் தூக்கி அவர்களுக்கு நேராக நீட்டினான். அது ஆடியது. நீட்டியபடியே வைத்திருந்தான்.

"எனக்கு நரம்பு வியாதி. மூணு வருசமா இருக்கு, இன்னும் கூடும். ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சாயங்காலம் அந்தப் பொம்பளையையும் பிள்ளையையும் நான் காப்பாத்தல. எனக்குக் கால் வரல. நிறுத்துனது என் தங்கச்சி, ஹேண்ட் பிரேக்க இழுத்து."

அவனுடைய குரலும் இப்போதெல்லாம் சன்னமாகிவிட்டது. ஆனாலும் வேனின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுக்க அவன் ரொம்ப நேரம் தடுமாறினான். எடுத்து என் கையில் வைத்தான். "ஆக்டிங் டிரைவர் யாரையாச்சும் கூப்பிடு நாச்சியாரு" என்றான். பிறந்ததிலிருந்து அவன் சொன்னதில் எனக்குப் பிடித்த முதல் வார்த்தை அதுதான். அதைக் கேட்டுவிட்டு எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை.

மாரிச்சாமிதான் முதலில் பேசினார். அவருக்குக் கோபம். ஏமாற்றியதற்கான கோபம் என்று நினைத்தேன், அதுவும் இல்லை.

"இத ஏன்யா இப்பப் போட்டு உடைக்கிறிய? நாங்கதான் சம்மதம்னு சொல்லிட்டோம்ல. நிச்சயம் முடிஞ்ச பொறவு சொன்னா என்ன கொறஞ்சு போச்சு?"

அண்ணன் நீட்டிய கையை அப்போதுதான் இறக்கினான்.

"நிச்சயத்துக்கு வரணும்னா நீங்க இன்னைக்கு உசுரோட கான்சாபுரம் போய்ச் சேரணும்ல?"

வேனிலிருந்து ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். முதலில் இறங்கியது வேல்பாண்டி.